சந்தனமாதாவின் அலைநீளம்

பனைமுனைக் கடல்பாலத்தின் நடுவே ஓரிடத்தில் அந்தச் சத்தம் அடியோடு நின்றுபோகும். கொஞ்ச தூரம் நடந்தால் மறுபடி மூச்சு விடத் தொடங்கும். மேலும் நடந்தால் பலத்து, பிறகு இளைத்து, இன்னோர் இடத்தில் மறுபடி செத்துப்போகும். பாலத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு இது எதுவும் கேட்கவில்லை. ஹெட்போன் மாட்டியிருந்த ஜெசிந்தாவுக்கு மட்டும்தான் கேட்டது.

ஜெசிந்தா, படகு உரிமையாளர் சங்கத்தின் வயர்லெஸ் அறையில் ஆபரேட்டர். ஐஸ் ஃபேக்டரி மோட்டார் ஓடும்போதெல்லாம் வயர்லெஸ்ஸில் கரகரப்பு வரும். அது எங்கிருந்து வருகிறது என்று பிடிப்பதற்காக அவளே ஒரு சின்ன ரிசீவர் கட்டியிருந்தாள். ஒரு காந்தத்தண்டு, அதில் சுற்றிய கம்பி, ஒரு திருகு, ஹெட்போன். எந்த எண்ணில் நிற்கிறோம் என்று காட்டும் டயல் கிடையாது. கரகரப்பைத் தேடித்தான் பாலத்துக்கு வந்தாள். கிடைத்தது வேறு. விம்மி விம்மி அடங்கும் ஒரு கனத்த துடிப்பு. யாரோ பெரிய தொண்டையை ரொம்ப மெதுவாகக் கனைப்பது போல.

அந்த அறையின் வழக்கத்தையும் இங்கே சொல்லிவிடவேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்குக் கடலில் இருக்கும் ஒவ்வொரு படகின் பெயரையும் அவள் மைக்கில் கூப்பிடுவாள். படகுகள் பதில் சொல்லும். காணாமல்போன படகு என்றால், வீட்டுக்காரர்கள் போதும் என்று சொல்கிற வரைக்கும் அதன் பெயரும் வரிசையில் இருக்கும். போன வருடம் தவக்காலம் தொடங்குவதற்கு முன்னால் கடலுக்குப் போன ‘சந்தனமாதா’ பதினான்கு மாதமாகத் திரும்பவில்லை. அதில் ஆறு பேர். ஓட்டிப்போனவன் ஜெசிந்தாவின் அண்ணன் கஸ்மீர். அவன் மனைவி பிலோமி இன்னும் போதும் என்று சொல்லவில்லை. ஆகவே ஜெசிந்தா தினமும் ‘சந்தனமாதா’ என்று கூப்பிட்டு, காலியான இரைச்சலைக் கேட்டுவிட்டு, அடுத்த பெயருக்குப் போனாள்.

பாலத்தில் அளக்கப் போன அன்று சங்கச் செயலாளர் பெர்க்மான்ஸையும் கயிறு பிடிக்கக் கூட்டிப் போனாள். அறுபது வயது ஆள். சும்மா கயிறு பிடிக்கிறவர் இல்லை.

“ஏட்டி, சத்தம் கேக்குற எடத்த அளப்பாக. நீ கேக்காத எடத்த அளக்குத. கூறு இருக்கா ஒனக்கு?”

“கேக்காத எடந்தாண்ணே சரியாச் சொல்லும். அலை கடல்ல இருந்து வருது. அந்தா, கரைல புதுசா அடிச்சிருக்காவல்லா இரும்புத் தகட்டுச் சுவரு? அதுல மோதித் திரும்புது. வார அலையும் போற அலையும் சில எடத்துல ஒண்ண ஒண்ணு அமுக்கிரும். அங்க சத்தம் செத்துரும்.”

“புருசனும் பொண்டாட்டியும் ஒரே நேரத்துல பேசுனா ஒண்ணும் வெளங்காதுல்லா, அப்படியா?”

“அப்படியே வச்சுக்கிடுங்க. ஒரு ஊமை எடத்துக்கும் அடுத்த ஊமை எடத்துக்கும் உள்ள தூரம் பாதி அலை. ரெண்டால பெருக்குனா முழு அலைநீளம். ரேடியோ அலை ஒரு செகண்டுக்கு ஓடுறது முப்பது கோடி மீட்டர். அத அலைநீளத்தால வகுத்தா, ஒரு செகண்டுக்கு எத்தன அலை வருதுன்னு கெடச்சிரும். அதான் அதிர்வெண். மெகாஹெர்ட்ஸ்ல வேணும்னா முந்நூற வகுத்தாப் போதும்.”

“அப்ப முந்நூறு மீட்டர் அலைன்னா ஒரு மெகாஹெர்ட்ஸு.”

“அவ்வளவுதான். அலை நீளமாக நீளமாக எண்ணு கொறையும்.”

அளந்த கயிறு கஸ்மீருடையது. கடல் ஆழம் பார்ப்பதற்காக அவன் பாகம் பாகமாக முடிச்சுப் போட்டு வைத்திருந்த நைலான் கயிறு. இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். ஊமை இடத்துக்கும் ஊமை இடத்துக்கும் நூற்றுப் பத்தொன்பது பாகம் வந்தது. பாகத்துக்கு ஆறடி என்று போட்டாள். பாதி அலை இருநூற்றுப் பதினெட்டு மீட்டர். முழு அலை நானூற்று முப்பத்தாறு. முந்நூறை வகுத்தால் பூஜ்யம் புள்ளி ஆறு எட்டு எட்டு மெகாஹெர்ட்ஸ். அந்த எண்ணில் அந்தப் பக்கத்தில் எந்த ரேடியோ நிலையமும் இல்லை. படகு வயர்லெஸ் எதனாலும் அவ்வளவு கீழே இறங்கிப் பேசவும் முடியாது.

துடிப்பை மூன்று நாள் லேப்டாப்பில் பதிவு செய்தாள். திரையில் அதைக் கோடாகப் பார்த்தாள். ஒரே மாதிரியான மேடு பள்ளம் மூன்று தடவை வந்தது. பிறகு வேறு மேடுகள், நீண்ட சமவெளி, மறுபடி அதே மேடு பள்ளம் மூன்று தடவை. கடலில் இருந்து கரையைக் கூப்பிடுகிறவன் அப்படித்தான் கூப்பிடுவான். பனைமுனை, பனைமுனை, பனைமுனை. பன்னிரண்டு வருடமாகக் கேட்டுப் பழகிய அழைப்பு. அந்த மேடு பள்ளத்தை அவள் கண்ணாலேயே கேட்டுவிட்டாள்.

படகுகள் கூப்பிடுவது நூற்று ஐம்பத்தாறு புள்ளி எட்டு மெகாஹெர்ட்ஸில். அதன் அலை ஓர் ஆள் உயரம். இங்கே வந்து சேர்ந்த அலையோ பாலத்தில் பாதிக்குமேல் நீண்டு கிடந்தது. ஒன்றை மற்றதால் வகுத்தாள். இருநூற்று இருபத்தெட்டு. பதிவை அத்தனை மடங்கு வேகமாக ஓடவிட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து அறையைப் பூட்டிவிட்டு நேராகப் பிலோமி வீட்டுக்குப் போனாள். பிலோமி பீடி சுற்றும் முறத்தை மடியில் வைத்தபடி, “என்ன ஜெசி, மொகம் இப்படி இருக்கு?” என்றாள். ஜெசிந்தா ஹெட்போனை அவள் காதில் மாட்டினாள்.

பிலோமி அழவில்லை. மூன்று தடவை கேட்டாள். பிறகு முறத்தை இறக்கி வைத்தாள்.

“அவியதான். ஆனா இவ்வளவு அவசரமாப் பேச மாட்டாவளே. கீச்சுக் கொரலு வேற. எளவட்டம் பேசுத மாதிரி இருக்கு.”

“வேகத்த அலைநீளத்த வச்சுதான் மதினி போட்டேன். அண்ணன் கயித்துல அளந்தது.”

“எந்தக் கயித்துல? அந்தப் பாகக் கயித்துலயா?” பிலோமிக்குச் சிரிப்பும் வராமல் அழுகையும் வராமல் முகம் கோணியது. “அவியளுக்குக் கை குட்டைல்லா, ஏட்டி! சட்ட தைக்கும்போதெல்லாம் கைய வெட்டித்தான் வாங்குவேன். அவிய பாகம் ஆறடி வராது. அஞ்சரை இருந்தாலே பெருசு.”

மறுநாள் டேப் வைத்து அளந்தபோது சரியாக இருநூறு மீட்டர். முழு அலை நானூறு. முந்நூறை நானூறால் வகுத்தால் பூஜ்யம் புள்ளி ஏழு ஐந்து. விகிதம் இருநூற்று ஒன்பது. இந்தத் தடவை குரல் தன் இடத்தில் வந்து உட்கார்ந்தது.

“பனைமுனை, பனைமுனை, பனைமுனை. சந்தனமாதா பேசுது. இங்கன மீன் குமியுது. ரெண்டு நாளா ஒரு படகு சத்தத்தையும் காணல. ஒரே மூடாப்பு, சூரியன் தெரியல. எப்பவும் சாயங்காலம் மாதிரியே கெடக்கு. யாராவது இருக்கியளா? ஓவர்.”

“ரெண்டு நாளா?” என்றார் பெர்க்மான்ஸ். அறையில் இப்போது மூன்று பேர் இருந்தார்கள்.

“அவங்களுக்கு ரெண்டு நாள்தாண்ணே ஆயிருக்கு.” ஜெசிந்தா தண்ணீர் குடித்துவிட்டு நிதானமாகச் சொன்னாள். “அதிர்வெண்ணுன்னா செகண்டுக்கு எத்தன தடவன்னுதான சொன்னேன்? யாரோட செகண்டு? அண்ணன் செட்டு சரியாத்தான் ஆடுது. ஆனா அங்க ஒரு செகண்டு போறதுக்குள்ள இங்க இருநூத்தி ஒம்பது செகண்டு போயிருது. அதான் அலை இழுபட்டு இவ்வளவு நீளமா வருது. நாம தெனமும் கூப்பிட்டது அங்க போய்ச் சேரும்போது எண்ணு அத்தன மடங்கு ஏறிப்போயிரும். அந்த செட்டுக்கு எட்டாது.”

“அப்படி ஒரு எடம் கடல்ல இருக்காக்கும்?”

“இருக்குன்னுதான் அலை சொல்லுது. எப்படின்னு எனக்குத் தெரியாது.”

பிலோமிக்கு எப்படி என்பது வேண்டியிருக்கவில்லை. “பேச முடியுமா?” என்று மட்டும் கேட்டாள்.

முடியும். ஜிபிஎஸ் வருவதற்கு முந்தைய காலத்தில் படகுகளுக்குத் திசை காட்டிய பழைய டிரான்ஸ்மிட்டர் ஒன்று சங்கத்துக் கொட்டகையில் தூசி படிந்து கிடந்தது. ஜெசிந்தா அதைப் பூஜ்யம் புள்ளி ஏழு ஐந்துக்குக் கொண்டுவந்தாள். தன் குரலைப் பதிந்து இருநூற்று ஒன்பது மடங்கு இழுத்தாள். நான்கு நொடியில் சொல்லும் ஒரு வரி போய்ச் சேர கால் மணி நேரம் ஆகும்.

அவள் சொன்னது இதுதான்: “அண்ணே, வலைய அறுத்துட்டு ஒடனே மேக்க பாத்துத் திரும்பு. ஓவர்.”

பதில் வந்து முடிய அன்று பொழுது சாய்ந்துவிட்டது. வேகம் கூட்டிக் கேட்டபோது முதலில் சிரிப்புச் சத்தம்தான் வந்தது.

“வலைய அறுக்கவா? ஏட்டி ஜெசி, காலைலயே குடிச்சிருக்கியா? இப்படி ஒரு மீன எங்கப்பன்கூடப் பாத்திருக்க மாட்டாரு. முழுசா இழுத்து முடிக்க இன்னும் ஒருநாளு ஆவும். அதுக்குமேல திரும்புதேன். அம்மைகிட்ட சொல்லு, சீலா மீனு எடுத்து வச்சிருக்கேன்னு. ஓவர்.”

அம்மைகிட்ட என்றதும் மூவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. கஸ்மீரின் அம்மா கார்த்திகையில் இறந்துபோயிருந்தாள். மகன் பேரைச் சொல்லிக்கொண்டேதான் போனாள்.

“ஒருநாள்னா இங்க ஏழு மாசம்,” என்றாள் ஜெசிந்தா. “அதுகூடப் போகட்டும். போன வாரம் அளந்ததுக்கும் இன்னிக்கு அளந்ததுக்கும் ஊமை எடம் நாலு மீட்டர் தள்ளிருக்கு. அலை இன்னும் நீளுது. வலை கனத்துல படகு உள்ள உள்ள இழுபடுது. இப்பவே திரும்புனா மீண்டு வந்துரலாம். அங்கன ஒருநாள் இருந்துட்டாவன்னா, அப்புறம் ஒரு வார்த்த வந்து சேர நமக்கு ஆயுசு பத்தாது.”

“உள்ளதச் சொல்லிருவோமே,” என்றார் பெர்க்மான்ஸ். “வருசம் ஒண்ணு போச்சுலேன்னு.”

“நம்புவாவளாக்கும்?” பிலோமி குரல் தணிந்திருந்தது. “முந்தாநாளு வீட்டவிட்டுப் போன ஞாவகத்துல இருக்க மனுசன். ஜெசி ரெண்டாவது தடவயும் குடிச்சிருக்கான்னுதான் சொல்லுவாவ. எதுக்கும் வலைய அறுக்க மாட்டாவ. சாவுக்குத்தான் அறுப்பாவ.”

அது உண்மை. பனைமுனையில் ஒரு சாவு என்றால், கேள்விப்பட்டவன் கறுப்புத்துணி ஏற்றி மற்றவர்களுக்குக் காட்டுவான்; எந்தப் படகும் கடலில் நிற்காது. இழுக்க நேரமில்லை என்றால் வலையை அறுத்துவிட்டு வந்து சேரவேண்டும். மீனுக்காகச் சாவுக்கு வராதவன் வீட்டில் அப்புறம் யாரும் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள்.

ஜெசிந்தாவுக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. “அம்மையவா மதினி? அம்மைய அடக்கம் பண்ணி எத்தன மாசம் ஆவுது!”

“செத்தது பொய்யா? எப்பச் செத்தாவன்னு மட்டும் சொல்ல வேண்டாம்.”

“வந்து எறங்கிட்டு, அம்மை எங்கன்னு கேட்டா?”

“கேக்கட்டும். என்னை அடிக்கட்டும். எறங்குனாத்தான அடிக்க முடியும்?”

பெர்க்மான்ஸ் வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். வேண்டாம் என்று அவரும் சொல்லவில்லை. பிலோமியே மைக்கின் முன் உட்கார்ந்தாள். இதற்குமுன் அவள் அந்த மைக்கில் பேசியதே கிடையாது.

“ஏங்க, பிலோமி பேசுதேன். அத்தை எறந்துட்டாவ. வலைய அறுத்துட்டு வாங்க. ஒடம்ப ஒங்களுக்காக வச்சிருக்கோம். ஓவர்.”

கடைசி வரி பேசி வைத்ததில் இல்லாதது. ஜெசிந்தா நிமிர்ந்து பார்த்தாள். பிலோமி பார்வையைத் தாழ்த்தவில்லை.

குரலை இழுத்து அனுப்பத் தொடங்கினார்கள். ‘அத்தை’ என்ற ஒரு சொல் போய் முடிவதற்குள் ஐஸ் ஃபேக்டரியில் ஒரு லாரி உள்ளே வந்து, திரும்பி, பாரம் ஏற்ற நின்றுவிட்டது.

மறுநாள் காலையில் வந்த பதிலில் பாதி விம்மல். ஜெசிந்தா அண்ணன் அழுது கேட்டதில்லை. பிறகு சொற்கள் வந்தன. “அறுத்துட்டேன். கறுப்புத்துணி ஏத்தியாச்சு. அம்மை மொகத்த மூடிராதிய. நான் வந்து பாக்கணும். ஓவர்.”

செய்தி ஊருக்குள் கசிந்துவிட்டது. சந்தனமாதாவில் போன மற்ற ஐந்து பேர் வீட்டாரும் சங்கத்து வாசலில் வந்து கூடினார்கள். சிலர் பெர்க்மான்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். ஒரு அம்மா அப்போதே மகனுக்குப் பிடித்த புளிக்குழம்புக்கு மீன் சொல்லப் போனாள். அவர் அவளைத் தடுத்து, கொஞ்சம் பொறு தாயி என்றார்.

படகு திரும்பி வரத் தொடங்கினால் காலத்தின் இழுப்பு குறையும். அலை சுருங்கும். பாலத்தில் ஊமை இடங்கள் நெருங்கி வரும். கஸ்மீர் பேசாத நேரத்திலும் அவன் செட்டில் இருந்து மெல்லிய இரைச்சல் கசிந்துகொண்டுதான் இருந்தது; ஆகவே ஜெசிந்தா தினமும் போய் அளந்தாள். ஊமை இடத்துக்கு நேராகக் கைப்பிடிக் கம்பியில் வலைநூல் கட்டிவிட்டு வந்தாள். மறுநாளும் அதே இடம். அதற்கு மறுநாளும். தள்ளிப் போகவில்லை, ஆறுதல். ஆனால் நெருங்கவும் இல்லை. மூன்று வாரம் வலைநூல் கட்டிய இடத்திலேயே சத்தம் செத்தது. உள்ளே இழுபடாமல் எஞ்சினை ஓட்டிக்கொண்டு கஸ்மீர் அங்கேயே நிற்கிறான் போல.

“அங்க ரெண்டரை மணி நேரம்தான் ஆயிருக்கும்,” என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். இரண்டரை மணி நேரம் ஓடியிருந்தாலும் அலை சுருங்கியிருக்கவேண்டும்.

சந்தேகத்தைச் சொன்னதும் பெர்க்மான்ஸ் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

“கறுப்புத்துணி ஏத்திட்டேன்னான்லா. ஏட்டி, நமக்கு இது தோணாமப் போச்சே! துணி ஏத்துனவன் மொதல்ல கெளம்பக் கூடாது. கண்ணுக்குத் தெரியுற அத்தன தோணியும் துணியப் பாத்துட்டுத் திரும்புற வரைக்கும் நிக்கணும். சாவு சொல்லாம ஒருத்தன விட்டுட்டு வந்துரக் கூடாதுல்லா.”

“அங்க வேற எந்தத் தோணி இருக்கு?” என்றாள் பிலோமி. “ரெண்டு நாளா ஒரு படகு சத்தமும் இல்லன்னாவளே.”

“சத்தம் இல்லன்னுதான சொன்னான்,” என்றார் பெர்க்மான்ஸ்.

ஏன் இன்னும் கிளம்பவில்லை என்று கேட்டு அனுப்பினார்கள். துடிப்பு திரும்பி வரத் தொடங்கியது. பதிவு முடியும் வரை ஒருவரும் எழுந்து போகவில்லை. ஜெசிந்தா வேகத்தைக் கூட்டினாள். கஸ்மீரின் குரல் அழுது ஓய்ந்து நிதானமாக இருந்தது.

“கெளம்பிருதேன் ஜெசி. தெக்க ஒரே ஒரு தோணி நிக்கி. பாய்த்தோணி. இந்தக் காலத்துல எவன்டி பாய் கட்டிட்டு இவ்வளவு தூரம் வாரான்? நம்ம ஊர்த் தோணிதான், முன்னால அணியத்துல நம்ம சிலுவ போட்டிருக்கு. ஒருத்தன் துணியப் பாத்துட்டான். பாத்துட்டேன்னு கைய தூக்குதான். துணி ஏத்துனதுல இருந்து தூக்கிட்டே இருக்கான், இன்னும் இடுப்புக்கு மேல ஒரு சாண் ஏறல. மூடாப்புல எல்லாம் மந்தமாத் தெரியுது போல. அவன் பாயத் திருப்புனதும் கெளம்பி வந்துருதேன். அதுவரைக்கும் அம்மைய வச்சிருங்க. ஓவர்.”



“பாய்த்தோணி எங்க அப்பா காலத்தோட போச்சு,” என்றார் பெர்க்மான்ஸ். கூட ஏதோ ஒரு தோணியின் பெயரைச் சொல்ல வந்தவர் சொல்லாமல் சிலுவை போட்டுக்கொண்டார்.

பிலோமி ஜெசிந்தாவின் தோளைப் பிடித்தாள். “அது திரும்ப எவ்வளவு நாளாவும்? நீ வகுத்துச் சொல்லிருவியே. சொல்லு.”

“அது இன்னும் உள்ள நிக்கி மதினி, அங்க நேரம் இன்னும் மெதுவா ஓடுது. பாய்த்தோணில வயர்லெஸ் இல்ல. அங்க இருந்து ஒரு அலையும் வராது. அளக்க எதுவும் இல்ல.”

பிலோமி தலையை ஆட்டினாள். வாசலில் நின்றவர்கள் என்ன சொன்னான், என்ன சொன்னான் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தத் தோணிய விட்டுட்டு வாங்க என்று பிலோமி சொல்லலாம். அப்படிச் சொன்னால் கேட்கிற ஆள் இல்லை. அம்மா சாகவில்லை, பொய் சொன்னேன் என்று சொல்லலாம். துணியை இறக்கிவிட்டு மீண்டும் மீனைப் பார்க்கப் போய்விடுவான். கையைப் பாதி தூக்கியபடி நிற்கிற அந்த ஆளுக்கும் இந்த ஊரில் எப்போதோ ஒரு வாசல் இருந்திருக்கும். அதையும் அவளால் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

“ஓவர்னு சொல்லிட்டாவல்லா?” என்றாள் கடைசியில்.

“ஆமா மதினி.”

“அப்ப நாமதான பேசணும்.”

அவள் நாற்காலியை மைக்குக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஜெசிந்தா பொத்தானில் விரலை வைத்துக் காத்திருந்தாள். பிலோமி வாய் திறக்கவில்லை. அவசரம் ஒன்றும் இல்லை. இங்கே கால் மணி நேரம் யோசித்தாலும் அங்கே அவள் புருஷனுக்கு அது, மனைவி பேசுமுன் இழுக்கிற ஒரு மூச்சாகத்தான் கேட்கும்.